டீசல் காருக்கு ஐந்து கியரா, ஆறு கியரா?

வீடு கட்டுவதற்கு அடுத்தபடியாக ஒரு நடுத்தரக் குடும்பம் தன் ஆயுட்காலத்திற் செய்யும் பெருஞ்செலவு கார் வாங்குவதேயாகும். நம் நாட்டிலோ, 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளிற் பழைய கார்களின் விலை ஏறிய ஏற்றத்தை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். முப்பது ஆண்டு உத்தியோகம் பார்த்துப் பெற்ற பணிக்கொடை முழுவதையும் ஒரு பழைய காருக்காக எண்ணிக் கொடுத்தவர்களை நாம் அறிவோம். அத்தகைய ஒருவரிடம், "இது ஆறு கியர் ஐயா, அதுதான் விலை கொஞ்சம் கூட" என்று தரகர் சொல்லும்போது, அந்த ஆறாவது கியர் தமக்கு எதைத் தரும், எதைத் தராது என்று கேட்டறிய அவருக்கு உரிமை உண்டு. இவ்வாரம் அதனையே எடுத்துக்கொள்வோம்.

தானாகவே கியர் மாறும் கார்கள் மலிந்துவிட்ட இந்நாளில் இக்கேள்வி எதற்கு என்று சிலர் வினவலாம். கையால் மாற்றும் கியருள்ள டீசல் கார்களும் வான்களும் பிக்கப்புகளும் இன்னும் நம் தெருக்களில் ஓடிக்கொண்டேயிருக்கின்றன. அன்றியும், உயர்தர வகுப்பு மாணவர் பௌதிகத்திற் படிக்கும் விசை, வேகம், வலு என்பன யாவும் இக்கேள்விக்குள்ளே அடங்கிக் கிடக்கின்றன. பரீட்சைத் தாளில் வரும் கணக்கைவிட, தகப்பனாரின் காசு போகும் கணக்கு மாணவர் மனத்தில் நன்றாகப் பதியும் என்பது நம் அனுபவம்.

நம் கல்லூரி ஆசிரியர் கூடத்தில் இவ்விஷயம் பற்றி இரு கட்சிகள் உண்டு. "டீசல் எஞ்சினுக்கு இயற்கையிலேயே இழுவை அதிகம், அதற்கு ஐந்து கியரே மிகை" என்பது ஒரு கட்சி. "அது பழங்கதை, இக்காலத்து டீசலுக்கு ஆறு இல்லாவிட்டாற் சரிவராது" என்பது மறு கட்சி. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்பதுதான் ஆராயத்தக்கது.

கியர்ப் பெட்டி செய்யும் வேலையை முதலிற் சுருக்கமாகப் பார்ப்போம். ஒவ்வோர் எஞ்சினுக்கும் மனமொப்பி வேலை செய்யும் வேக எல்லை ஒன்றுண்டு. அதற்குக் கீழே ஓட்டினால் திணறும். மேலே ஓட்டினால் இரைச்சலிட்டு எரிபொருளை வீணாக்கும். காரோ, நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீற்றர் வரை போகவேண்டியது. எஞ்சினின் குறுகிய எல்லையையும் காரின் அகன்ற எல்லையையும் இணக்கி வைப்பதே கியர்ப் பெட்டி. கியர் பூட்டிய சைக்கிளிற் பண்ணைப் பாலத்தை எதிர்காற்றிற் கடந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

பெற்றோல் எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றுக்கு மேலும் ஓடவல்லது. டீசல் எஞ்சின் பொதுவாக 4,500 சுற்றளவில் ஓய்ந்துவிடும். ஆகவே ஒரு கியரில் டீசல் கார் கடக்கக்கூடிய வேக எல்லை பெற்றோல் காரினதிலும் குறுகியது. ஐரோப்பாவில் நெடுந்தூரம் ஓடும் பெரிய டீசல் லொறிகள் 12, 16 என்று கியர்களை வைத்திருப்பதற்கு முக்கிய காரணம், எஞ்சினின் எல்லை இன்னும் குறுகியதாயிருக்க, சுமையோ மலைபோல் இருப்பதே. இவ்வளவில் பார்த்தால், டீசலுக்குக் கியர் கூடவே வேண்டும் என்று தோன்றும். அப்படியாயின், "டீசலுக்குக் குறைந்த கியரே போதும்" என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது?

அது பழைய டீசல்களின் குணத்திலிருந்து வந்தது. றுடோல்ஃப் டீசல் தமது எஞ்சினை ஜெர்மனியின் அவுக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டியது 1897இல். அது காரில் ஏறுவதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பிடித்தன. 1936இல் வெளிவந்த மெர்சிடிஸ் பென்ஸ் 260 டி என்னும் கார், விற்பனைக்கு வந்த முதல் டீசல் கார்களுள் ஒன்று. இரண்டரை லீற்றர் எஞ்சின். வலுவோ 45 பரிவலுதான். இத்தகைய எஞ்சின்கள் மெதுவாகச் சுற்றும்போதே தம்மிடமுள்ள இழுவையைச் சீராகத் தரும். பெரிதாகத் தருவதுமில்லை, ஏமாற்றுவதுமில்லை. 1990களில் ஜப்பானிலிருந்து நம் நாட்டுக்கு வந்த டொயோட்டா கொறோலா டீசல்களின் 2 லீற்றர் எஞ்சினும் இந்தக் குலத்தைச் சேர்ந்ததே. நாலாம் கியரில் 40 கிலோமீற்றர் வேகத்தில் உருண்டு போகும்போது காலை அழுத்தினால், முணுமுணுத்துக்கொண்டாயினும் இழுத்துப் போகும். அக்காருக்கு ஐந்து கியர் தாராளம். ஐந்து கியர்க் கட்சியார் பெரும்பாலும் அக்கார்களை ஓட்டிப் பழகியவர்கள் என்பதை நேயர்கள் கவனிக்க.

நிலைமை மாறியது 1989இல். அவ்வாண்டு அவுடி நிறுவனம் வெளியிட்ட அவுடி 100 டீடீஐ என்னும் கார், நேரடியாக எரிபொருளைப் பீச்சும் முறையையும் டர்போவையும் மின்னணுக் கட்டுப்பாட்டையும் ஒன்றுசேர்த்து, இரண்டரை லீற்றர் எஞ்சினிலிருந்து 120 பரிவலுவைப் பெற்றது. 1997இல் அல்ஃபா றோமியோ 156 என்னும் காரில், பொதுக் குழாயிலிருந்து மிகுந்த அமுக்கத்தில் எரிபொருளைப் பீச்சும் 'கொமன் றெயில்' முறை வந்தது. அதன் பின்னர் டீசல் எஞ்சின்கள் உருவிற் சிறுத்தன, வலுவிற் பெருத்தன. ஆனால் அந்த வலு முழுவதும் டர்போவின் கையில் இருக்கிறது. டர்போ என்பது எஞ்சினின் புகையாற் சுழன்று எஞ்சினுக்கே காற்றைத் திணிக்கும் சிறு விசிறி. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது புகை குறைவு; புகை குறைந்தால் விசிறி சோம்பும்; விசிறி சோம்பினால் இழுவை இல்லை.

மாருதி சுவிஃப்ட் டீசல் காரை ஓட்டியவர்கள் இதனை நன்கு அறிவர். அதன் எஞ்சின் 1,248 கன சென்ரிமீற்றர்தான். நிமிடத்துக்கு 2,000 சுற்றில் 190 நியூற்றன் மீற்றர் முறுக்குவிசையைத் தந்தது. அத்தனை சிறிய எஞ்சினுக்கு அது வியக்கத்தக்க அளவு. எனினும் அந்த 2,000க்கு நன்கு கீழே இறங்கிவிட்டால் வேறொரு காரில் இருக்கிறோமோ என்று ஐயுறும்படி அது சோர்ந்துவிடும். புதிய டீசலுக்குக் கியர்கள் நெருக்கமாக வேண்டும் என்று ஆறு கியர்க் கட்சியார் கூறுவது இதனாலேதான். அவர்கள் பக்கத்து உண்மை இது.

இனி, இரு கட்சியாரும் கேட்க மறந்த கேள்வி ஒன்றுண்டு. ஐந்து படியுள்ள ஏணிக்கு ஆறாவது படி ஒன்று சேர்ப்பதாயின் இரண்டு வழிகள் உள. ஏணியை மேலே நீட்டி ஒரு படி வைக்கலாம். அல்லது ஏணியின் உயரத்தை அப்படியே விட்டுப் படிகளை நெருக்கி வைக்கலாம். இரண்டும் ஆறு படி ஏணிகளே. ஆனால் ஏறுபவனின் காலுக்கு இரண்டும் ஒன்றல்ல. கியர்ப் பெட்டியிலும் இப்படியே. "ஆறு கியர்" என்று சொன்னால் ஒன்றும் சொன்னதாகாது; நீட்டிய ஆறா, நெருக்கிய ஆறா என்று கேட்கவேண்டும்.

மாணவர்கள் பென்சிலை எடுத்துக்கொள்ளலாம். ஒரு சிறு டீசல் காரின் சில்லு ஒரு சுற்றுக்கு 1.9 மீற்றர் உருள்கிறது என்க. அதன் ஐந்து கியரிலும், சில்லு ஒருமுறை சுற்றுவதற்கு எஞ்சின் முறையே 14, 7.7, 5.0, 3.5, 2.6 முறை சுற்றுகிறது என்க. நீட்டிய ஆறில் இவை 14, 7.9, 5.3, 3.8, 2.85, 2.2 ஆகும். நெருக்கிய ஆறில் 14, 8.3, 5.8, 4.3, 3.3, 2.6 ஆகும். இவை எந்த ஒரு நிறுவனத்தின் காருக்கும் உரியனவல்ல. நாம் கணக்குக்காக அமைத்தவை. ஆயினும் உண்மைக் கார்கள் இவற்றைச் சுற்றியே அமைந்திருக்கும். டர்போ 1,700 சுற்றில் விழித்துக்கொள்கிறது என்றும் வைத்துக்கொள்வோம்.

இரண்டாம் கியரில் 2,500 சுற்று வரை ஓட்டி மூன்றாம் கியருக்கு மாற்றினால் எஞ்சின் எத்தனை சுற்றுக்கு இறங்கும்? ஐந்து கியரில் 1,620 அளவுக்கு. டர்போ கண் மூடிவிடும். நீட்டிய ஆறில் 1,680 அளவுக்கு, அரைக்கண். நெருக்கிய ஆறில் 1,750 அளவுக்கு; விழிப்போடு இருக்கும். ஆறு கியர்க் கட்சியார் எண்ணும் நன்மை நெருக்கிய ஆறிலேதான் முழுமையாகக் கிடைக்கிறது. நீட்டிய ஆறிற் கிடைப்பது மிகச் சொற்பம்.

கடைசிக் கியருக்கு வருவோம். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஐந்து கியர்க் காரின் எஞ்சின் ஏறக்குறைய 2,280 முறை சுற்றும். நீட்டிய ஆறில் 1,930 முறைதான். காதுக்கு அமைதி, எரிபொருளுக்கும் ஓரளவு சிக்கனம். பிரான்சு நாட்டின் பெருஞ்சாலைகளில் அனுமதிக்கப்பட்ட வேகம் 130 கிலோமீற்றர். அவ்வேகத்தில் முன்னது 2,960ஐயும் தாண்டி இரையும்போது, பின்னது 2,500 அளவில் அடங்கிப் போகும். நாள்தோறும் இருநூறு முந்நூறு கிலோமீற்றர் அப்படிப் பறக்கும் ஐரோப்பியனுக்கு ஆறாவது கியர் ஆடம்பரமன்று, அவசியம். டீசல் கார்களிடை ஆறு கியர் பரவியதற்கு அவனுடைய தெருவும் ஒரு பெருங்காரணம் என்பதில் ஐயமில்லை.

நிற்க. கணக்கு ஒருபுறமிருக்க, நடைமுறையில் ஒரே எஞ்சினுக்கு ஐந்தையும் ஆறையும் பூட்டிப் பார்த்தவர்கள் உண்டா? உண்டு. இந்தியாவில் ஹொண்டா நிறுவனம் 2013இல் ஒரு டீசல் எஞ்சினை அறிமுகஞ்செய்தது. 1,498 கன சென்ரிமீற்றர், 100 பரிவலு, 1,750 சுற்றில் 200 நியூற்றன் மீற்றர். அவ்வாண்டு வெளிவந்த அமேஸ் என்னும் சிறு காரில் அதற்கு ஐந்து கியர். 2014 ஜனவரியில் வெளிவந்த சிற்றி என்னும் பெரிய காரில் அதே எஞ்சினுக்கு ஆறு கியர். 2015இல் ஜாஸ் என்னும் சிறு காரிலும் ஆறு கியர். வேண்டுமென்றே செய்த பரிசோதனை போல இது அமைந்துவிட்டது.

முடிவு யாது? அங்கீகாரச் சோதனையில் அமேஸ் ஒரு லீற்றர் டீசலுக்கு 25.8 கிலோமீற்றர் ஓடியது. அதைவிட ஏறக்குறைய ஒன்றரை அடி நீளமான சிற்றி 26 கிலோமீற்றர் ஓடியது. இவ்விரண்டையும் மட்டும் பார்த்தால், உடல் பெருத்தும் செலவு கூடாமற் காத்தது ஆறாவது கியரே என்று சொல்லத் தோன்றும். ஜாஸோ 27.3 ஓடியது. ஆறு கியர்க் கட்சியார் இங்கே கைதட்டிவிடக்கூடாது. 2018இல் அமேஸ் புதிய வடிவத்தில் வந்தது; அதே எஞ்சின், அதே ஐந்து கியர். அது ஓடியது 27.4 கிலோமீற்றர். ஆக, உடலின் பாரமும் வடிவமும், எஞ்சினிலும் கியரிலும் செய்த சிறு சிறு திருத்தங்களும் ஈட்டிய மிச்சத்துக்கு முன்னால், ஐந்து ஆறு என்ற எண்ணிக்கை தனித்து எடுபடவில்லை.

அச்சோதனையைப் பற்றி ஒரு குறிப்பு. அக்காலத்து இந்தியச் சோதனையில் கார் எட்டும் அதியுயர் வேகம் மணிக்கு 90 கிலோமீற்றர். ஆறாவது கியர் தன் திறமையைக் காட்டத் தொடங்குவதே அவ்வேகத்திலேதான். ஓட்டப் பந்தயக்காரனை முற்றத்துக்குள் ஓடவிட்டுக் கணிப்பது போன்றதே அது. ஆகவே இவ்வெண்களைக் கொண்டு ஐரோப்பியனின் தெருவுக்குத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஆனால் நம் தெருவுக்குச் சொல்லலாம். ஏனெனில் நம் தெருவும் முற்றந்தான்.

இலங்கையில் அதிவேகப் பாதைகள் தவிர்ந்த தெருக்களில், ஊர்மனைக்கு வெளியே கார்களுக்கு அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர், ஊர்மனைக்குள் 50. மேலே சொன்ன கணக்கின்படி, கடைசிக் கியரில் டர்போ விழித்துக்கொள்வதற்கு ஐந்து கியர்க் கார் ஏறக்குறைய 75 கிலோமீற்றர் வேகத்தையும், நீட்டிய ஆறு கியர்க் கார் 88 கிலோமீற்றர் வேகத்தையும் எட்டவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வரை ஏ-9 பாதையின் நீளம் 321 கிலோமீற்றர். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு ஓட்டுபவர் அவ்வளவு தூரத்திலும் ஆறாவது கியரை அதற்குரிய எல்லையிற் பயன்படுத்த ஓர் இடமும் இல்லை. சமதரையில் 70இல் ஆறாவதைப் போட்டால் எஞ்சின் 1,350 சுற்றில் உருண்டுகொண்டு போகும். தெரு வெறுமையாக இருக்கும்வரை அதனாற் கேடில்லை, சிறிது டீசலும் மிஞ்சும்.

தெரு வெறுமையாக இராதபோதுதான் ஆபத்து. மாங்குளத்துக்கும் வவுனியாவுக்கும் இடையே 50 கிலோமீற்றர் வேகத்திற் போகும் லொறி ஒன்றின் பின்னால் வருகிறோம் என்று எண்ணிக்கொள்வோம். லொறியைத் தாண்ட வேண்டும். 50இல் ஆறாவது கியரில் எஞ்சின் 965 சுற்று. ஐந்து கியர்க் காரின் ஐந்தாவதில் 1,140. இரண்டிலும் டர்போ ஆழ்ந்த நித்திரை. இந்நிலையில் வலப்பக்கம் வெளிவந்து காலை அழுத்தினால், எஞ்சின் விழித்தெழுவதற்கு இரண்டு விநாடியாவது போகும். அந்த இரண்டு விநாடியில் நம் கார் 28 மீற்றர் போயிருக்கும். எதிரே 70இல் வரும் வாகனம் 39 மீற்றர் வந்திருக்கும். ஆக 67 மீற்றர் இடைவெளி வீணே கரைந்துபோயிற்று. லொறியைத் தாண்டி முடிக்க ஏறக்குறைய 280 மீற்றர் வெற்றுத் தெரு வேண்டும் என்று கணக்கிடலாம். அதிற் கால்வாசியை எஞ்சினின் உறக்கமே விழுங்கிவிடுகிறது. பல ஆண்டுகளாகக் கொழும்புக்கு வான் ஓட்டிவரும் சாரதி ஒருவர் இதனைக் கணக்கில்லாமலே நமக்குச் சொன்னார்: "மாஸ்டர், மேல் கியரிலை கிடந்துகொண்டு லொறியைத் தாண்ட வெளிக்கிட்டால், லொறிக்காரனும் பாத்துக்கொண்டிருப்பான், எமனும் பாத்துக்கொண்டிருப்பான்."

அவ்விடத்தில் வேண்டுவது மூன்றாவது கியர். 50இல் மூன்றாவதைப் போட்டால் ஐந்து கியர்க் காரில் எஞ்சின் 2,190, நீட்டிய ஆறில் 2,320 அளவில் நிற்கும். அங்கிருந்து 70 வரும்வரை இழுவை குறையாது. இரு பெட்டிகளிலும் உயிரைக் காக்கும் கியர் மூன்றாவதே என்பதையும், அது இரண்டிலும் ஏறக்குறைய ஒரே இடத்திலிருப்பதையும் நேயர்கள் கவனிக்க. ஐந்திலிருந்து மூன்றுக்கு இரண்டு படி. ஆறிலிருந்து மூன்றுக்கு மூன்று படி. புதிதாக அனுமதிப்பத்திரம் பெற்ற இளைஞர்கள், லொறியின் பின்னால் வந்து சேருமுன்பே மூன்றாவதுக்கு இறங்கிவிட்டு, அதன் பின்னரே வெளிவரலாமா என்று எட்டிப் பார்க்கப் பழகவேண்டும். இறங்கிய பின் இடம் இல்லையென்று கண்டால், நட்டம் சில துளி டீசல் மாத்திரமே.

மலைநாட்டில் வேறொரு கணக்கு. கம்பளையிலிருந்து றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும்போது நான்காவதுக்கே வேலை குறைவு. ஐந்தாவதையும் ஆறாவதையும் பற்றிப் பேச்சில்லை. கொண்டை ஊசி வளைவில் வேகம் 20க்கு இறங்கும்போது, ஐந்து கியர்க் காரின் இரண்டாவதில் எஞ்சின் 1,350 சுற்று. நெருக்கிய ஆறின் இரண்டாவதில் 1,450. நூறு சுற்று என்பது சிறிதாகத் தோன்றும். ஆனால் குடும்பம் முழுவதையும் பெட்டி படுக்கையோடு ஏற்றிக்கொண்டு ஏறும் சிறு டர்போ எஞ்சினுக்கு, முதற் கியருக்கு இறங்குவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது அந்த நூறுதான். மலைநாட்டில் வாழ்பவருக்கு நெருக்கிய ஆறு நல்லது என்பது நம் துணிபு. இறக்கத்தில் இரண்டும் ஒன்றே: ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டியிருந்ததோ அதிலேயே இறங்குக. டீசலை மிச்சம்பிடிக்கிறோம் என்று நியூற்றலில் விட்டு உருட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மின்னணு முறையிற் பீச்சும் எஞ்சின், கியரில் இறங்கும்போது எரிபொருளை அறவே நிறுத்திவிடுகிறது. நியூற்றலிலோ எஞ்சின் அணையாதிருக்க எரிபொருள் குடிக்கிறது. பிறேக்கையும் எரித்து டீசலையும் எரிப்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

எஞ்சின் பெரிதாயிருந்தால் இந்த நுணுக்கமெல்லாம் தேவைப்படுவதில்லை. டொயோட்டா நிறுவனம் 2016இல் இந்தியாவில் வெளியிட்ட இன்னோவா கிறிஸ்டா என்னும் வாகனத்தைப் பாருங்கள். 2.4 லீற்றர் டீசல். 1,400 சுற்றிலிருந்து 2,800 சுற்று வரை 343 நியூற்றன் மீற்றர். ஏழெட்டுப் பேரையும் அவர்தம் மூட்டைகளையும் சுமந்து மலையேறும் அவ்வாகனத்துக்குக் கைக்கியர் ஐந்துதான். அதே நிறுவனத்தின் ஃபோர்ச்சூனருக்கு ஆறு. கியர் தெரியாதவர்களல்லர் டொயோட்டாக்காரர். 1,400 சுற்றிலேயே முழு இழுவையும் கிடைக்கும் எஞ்சினுக்குப் படிகள் அகன்றிருந்தாலும் கால் தவறாது என்று கண்டே ஐந்தோடு நிறுத்தினார்கள் என்று கொள்வது பொருந்தும். ஐந்து கியர் மட்டமான சரக்கு என்று எண்ணுவோர் இதனைச் சிந்திக்க.

கொழும்பிலிருந்து காலி, மாத்தறைப் பக்கம் அடிக்கடி போய்வருபவர்களின் நிலை வேறு. 2011 நவம்பரில் திறக்கப்பட்ட தெற்கு அதிவேகப் பாதையில் 100 கிலோமீற்றர் வரை போகலாம். அங்கே நீட்டிய ஆறாவது கியர் தன் கூலியைச் சம்பாதிக்கும்; 350 சுற்றுக் குறைவு என்பது இரண்டு மணி நேரப் பயணத்திற் காதுக்கும் உடம்புக்கும் தெரியும். டீசல் மிச்சம் பெரிதாயிருக்கும் என்று மட்டும் எதிர்பார்க்கவேண்டாம். அவ்வேகத்தில் எஞ்சின் பெரும்பாலும் போராடுவது காற்றோடு. கியர் மாறியதற்காகக் காற்று வழிவிடுவதில்லை. 100இலிருந்து 80க்கு வேகத்தைக் குறைத்தாலோ, காற்றின் எதிர்ப்பு 100க்கு 64 ஆகக் குறைந்துவிடும். வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமன் என்று மாணவர் மனனஞ்செய்வது இதனைத்தான். சிக்கனம் வேண்டுபவருக்குச் செலவில்லாத ஏழாவது கியர் அது.

பழைய கார் வாங்குபவர் எண்ணவேண்டியது இன்னுமொன்று. மாருதி நிறுவனம் 2020 ஏப்ரலோடும் ஹொண்டா 2023இலும் இந்தியாவில் டீசல் கார்களைக் கைவிட்டுவிட்டன. ஆகவே இவற்றை வாங்குபவர் இனிமேல் உதிரிப்பாகம் தேடி அலையும் நாளையும் மனத்திற் கொள்ளவேண்டும். கியர்ப் பெட்டியைவிடவும் விரைவிற் செலவு வைப்பவை கிளச்சும், பல டீசல்களில் அதனோடு சேர்ந்திருக்கும் இரட்டைப் பிளைவீலுமே. தாழ்ந்த சுற்றில் மேல் கியரைப் போட்டுக் காலை அழுத்துவதே இவற்றுக்கு எமன். ஆறாவது கியர் இருக்கிறதே என்பதற்காக 60இல் அதைப் போட்டு, அதிர அதிர ஓட்டப்பட்ட கார்களை கராஜ்காரர்கள் இரைச்சலைக் கேட்டே இனங்காண்பார்கள். வாங்குமுன் அத்தகைய ஒருவரை ஒருதரம் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு போய்வருவது நல்லது.

ஆகவே, பணிக்கொடைப் பணத்தை வைத்துக்கொண்டு கேட்கும் அன்பருக்கு நாம் சொல்வது இது. வாழ்வது வடக்கிலோ கிழக்கிலோ, ஓட்டம் பெரும்பாலும் 70க்குள் என்றால், ஆறாவது கியருக்கென்று ஒரு சதமும் கூடக் கொடுக்கவேண்டாம். எஞ்சின் ஒன்றரை லீற்றருக்குள் அடங்கிய டர்போவாகி, மலைத்தெருவே அன்றாடத் தெருவானால், நெருக்கிய ஆறு கிடைக்குமாயின் எடுத்துக்கொள்க. அதிவேகப் பாதையில் வாராவாரம் போகிறவர் நீட்டிய ஆறை விரும்பி எடுக்கலாம். நீட்டியதா நெருக்கியதா என்று தரகரைக் கேட்டுப் பயனில்லை. ஓட்டிப் பார்த்தே அறியவேண்டும். சமதரையில் 70இல் கடைசிக் கியரைப் போட்டுச் சுற்றுமானியைப் பார்க்க. 1,600ஐ ஒட்டி நின்றால் நெருக்கியது. 1,400க்குக் கீழே நின்றால் நீட்டியது. பின்பு இரண்டாவதில் 20க்கு இறங்கி, காலை மெல்ல அழுத்திப் பார்க்க. கார் தயங்காமல் எழுந்தால், பெட்டியில் எத்தனை கியர் என்று எண்ணாமலே விலை பேசலாம்.

ஐந்திலிருந்து ஆறுக்கு மாறுபவர் முதல் நாளிலேயே பார்த்து வைக்கவேண்டியது றிவேர்ஸ் கியர் இருக்கும் இடம். பல ஐந்து கியர்க் கார்களில் அது வலது கோடியிற் கீழே, ஐந்தாவதுக்கு நேர் கீழே இருக்கும். ஆறு கியர்க் காரில் அவ்விடம் ஆறாவதுக்கு உரியது. றிவேர்ஸ் பெரும்பாலும் இடது கோடிக்குப் போய்விடும். சில கார்களில் கைப்பிடியின் கீழுள்ள வளையத்தைத் தூக்கவேண்டும். சிலவற்றிற் பிடியை அழுத்தவேண்டும். வீட்டுப் படலைக்குள் காரை விடும்போது கை பழைய இடத்துக்கே போகும். கார் பின்னுக்கு வராமல் முன்னுக்கு நகர முயன்று எஞ்சின் நின்றுபோனால் பயப்படவேண்டியதில்லை. நீங்கள் ஆறாவது கியரைப் போட்டிருக்கிறீர்கள்.